போடிமெட்டு ஏறிச் சின்னக்கானல்

ஓர் ஊருக்குப் பழமை உண்டு என்பதை எதனைக் கொண்டு நாம் முடிவு செய்கிறோம்? கோயிலும் கோட்டையும் கல்வெட்டும் இருந்தால் அவ்வூரை வரலாற்றுச் சிறப்புடையது என்கிறோம். இல்லையேல் வெறும் இயற்கைக் காட்சிக்கு உரிய இடம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இத்தாலி நாட்டில் மலைச்சரிவில் அமைந்த அசிசி போன்ற ஊர்களுக்குச் செல்வோர், கல் பாவிய தெருக்களையும் தொன்மையான தேவாலயங்களையும் ஒரே நாளில் கண்டு, மாலைப் பேருந்தில் திரும்பிவிடுகின்றனர். அங்கே வரலாறு கல்லில் நிற்கிறது. கண் திறந்தவர் எவரும் அதனைக் காணலாம்.

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள சின்னக்கானலுக்கு இத்தகைய கட்டடச் சிறப்பு ஒன்றும் இல்லை. தேயிலைச் சரிவுகள், ஓர் அருவி, சில கடைகள், தங்கும் விடுதிகள், தொழிலாளர் குடியிருப்புகள் ஆகிய இவையே அங்கு உள்ளவை. எனினும் நேயர்களே, அவ்வூருக்கும் வரலாறு உண்டு. அது ஊருக்குள் இருப்பதைவிட, ஊருக்கு ஏறிச் செல்லும் வழியில்தான் மிகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. அவ்வழியே ஒரு நாள் பேருந்தில் சென்று அவ்வரலாற்றைப் படிக்க முயல்வோம்.

பயணம் தொடங்கும் இடம் போடிநாயக்கனூர். மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்கள் எழுபத்திரண்டினுள் ஒன்றாக விளங்கிய ஊர் இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருப்பதால், மலையில் விளைவன இறங்குவதற்கும் சமவெளியில் விளைவன ஏறுவதற்கும் இதுவே வாயிலாயிற்று. மதுரையிலிருந்து இவ்வூருக்கு 1928-ஆம் ஆண்டில் இரயில் பாதை வந்தது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட இரயில், 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் மீண்டும் போடியை அடைந்தது. ஊருக்குள் நுழைந்ததும் ஏலக்காய் மணம் நம்மை எதிர்கொள்ளும். சமவெளியில் ஓர் ஏலச்செடியும் இல்லை; ஆயினும் ஏலக்காய் ஏல விற்பனைக்குப் பெயர் பெற்ற நிலையங்களுள் ஒன்று இங்கே இருக்கிறது. மலைக்கும் ஊருக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

போடியை விட்டு முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் 17 என்று எண்ணிச் சொல்வார்கள். ஒவ்வொரு வளைவிலும் பேருந்து மூச்சு வாங்கித் திரும்பும்போது, கீழே புளியந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் சிறுத்துக்கொண்டே போகின்றன. வெயில் தணிகிறது, காற்றின் ஈரம் கூடுகிறது. கடல் மட்டத்திற்கு நாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த போடிமெட்டை அடையும்போது, பேருந்தினுள் இருப்போர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்வர். மெட்டு என்பது மலைமேட்டினையும் அதன் வழியே செல்லும் கணவாயையும் குறிக்கும் சொல். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்றும் கம்பம் பள்ளத்தாக்கின் மக்கள் மேற்கே செல்வதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவரும் வாயில்கள். இன்று இம்மெட்டில் இரு மாநிலங்களின் எல்லையும் சோதனைச் சாவடிகளும் இருக்கின்றன. எல்லைக் கோடு அண்மைக்காலத்தது. வழியோ மிகப் பழையது.

எவ்வளவு பழையது என்பதை, மலையில் வாழும் மக்களின் வழிவழிச் செய்திகளே முதலில் சொல்கின்றன. இம்மலைகளின் தொல்குடியினராகிய முதுவர், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று கூறுகின்றனர். குழந்தைகளையும் தெய்வத் திருவுருவையும் முதுகில் சுமந்து மலையேறியமையால் முதுவர் எனப்பட்டனர் என்பது அவர்தம் வழக்கு. இன்றும் அவர்கள் பேசும் மொழியில் தமிழின் சாயல் மிகுதி. அவர்தம் சிற்றூர்களுக்குக் 'குடி' என்றே பெயர். இம்மலைகளின் பெரும்பகுதியைத் தம் உடைமையாகக் கொண்டிருந்த பூஞ்சாற்று அரச குடும்பத்தாரும் தம்மைப் பாண்டியர் வழியினர் என்றும், மதுரையை விட்டு மலைவழியே மேற்கே வந்தவர்கள் என்றும் கூறிக்கொள்கின்றனர். மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களின் மக்களும் இவ்வாறே மதுரைச் சீமையைத் தம் முன்னோர் நாடாகச் சுட்டுகின்றனர்.

இக்கதைகளில் ஒவ்வொன்றையும் கல்வெட்டுப்போல் நம்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆயின், காட்டில் வாழ்வோரும் அரண்மனையில் வாழ்வோரும் உழுதுண்டு வாழ்வோரும் ஒருவரோடொருவர் கலந்து பேசாமலே ஒரே திசையைச் சுட்டிக் காட்டுவார்களாயின், அத்திசையிலிருந்து மக்கள் தொடர்ந்து ஏறி வந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. போர் வந்தபோதும் பஞ்சம் வந்தபோதும் சமவெளி மக்களுக்கு மலை ஒரு புகலிடமாக இருந்திருக்கிறது.

மெட்டைக் கடந்து சரிவில் இறங்கினால் பூப்பாறை. இங்கே சாலையின் இருபுறமும் உயர்ந்த மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் தழைத்து நிற்பதைக் காணலாம். ஏலத்திற்கு வெயில் ஆகாது; மரநிழலும் ஈரமும் வேண்டும். ஆதலால் ஏலம் பயிரிட்டவர்கள் கீழ்ச்செடிகளை அகற்றினார்களேயன்றிக் காட்டினை அடியோடு அழிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. விளைவிப்பவர் எவராயினும் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். விளைவித்தவர்களில் பலர் கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரங்களிலிருந்து பருவந்தோறும் ஏறிவந்த தமிழ்க் குடியானவர்கள். அறுவடைக் காலத்தில் மலையில் தங்கி, பருவம் முடிந்ததும் வீடு திரும்பினர். அரசர் வேறு, ஆட்சி வேறு. ஆயினும் அவர்களுக்கு மலை வேற்று நாடாக இருக்கவில்லை.

பூப்பாறையிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சென்றதும், ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. பன்னியாற்றின் குறுக்கே மின்சாரத் திட்டத்திற்காக 1960-களில் எழுப்பப்பட்ட மண்ணணை இது. பெயரே பொருளைச் சொல்கிறது: யானைகள் நீருக்கு இறங்கும் இடம். அணை வருவதற்கு முன்பும் யானைகள் இறங்கின. அணை வந்த பின்பும் இறங்குகின்றன. பூப்பாறைக்கு அருகிலுள்ள மதிகெட்டான் சோலை 2003-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 13 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. யானைக்கூட்டம் அவ்வளவில் அடங்கி வாழ இயலாது. ஆதலின் சோலையிலிருந்து ஆனையிறங்கலுக்கும் சின்னக்கானலுக்கும் அவை தொன்றுதொட்டு நடந்த தடங்களிலேயே இன்றும் நடக்கின்றன. அத்தடங்களில் இப்போது தோட்டங்களும் வீடுகளும் விடுதிகளும் நிற்கின்றன.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு இவ்விடத்தில் நிலம் வழங்கியது. குடும்பங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அக்குடியிருப்பு '301 காலனி' எனப் பெயர் பெற்றது. வழங்கப்பட்ட நிலமோ யானைகள் நடமாடும் நிலம். அச்சத்தால் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. நெடுங்காலம் காத்திருந்து நிலம் பெற்றவன், பெற்ற நிலத்தில் இரவு உறங்க முடியாமல் போவதைவிடக் கொடிய நிலை வேறு உண்டோ?

இவ்வட்டாரத்தில் அரிசியைத் தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த ஓர் ஆண் யானைக்கு மக்கள் 'அரிக்கொம்பன்' என்று பெயரிட்டனர். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் அதனை மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். ஒரு மாதத்திற்குள் அது மலையிறங்கித் தமிழ்நாட்டின் கம்பம் நகருக்குள் வந்துவிட்டது. ஜூன் மாதம் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டனர். மாநில எல்லை என்று மனிதர் வரைந்த கோடு அவ்விலங்குக்கு எங்கே தெரியும்? மலைக்கும் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் இடையே மக்கள் நடந்ததைப்போலவே அதுவும் நடந்தது.

நீர்த்தேக்கத்தைக் கடந்து ஏறினால் பெரியகானல். நெடுஞ்சாலையிலிருந்து கிளைச்சாலை பிரிந்தால் சின்னக்கானல். பவர்ஹவுஸ் அருவி என்று மக்கள் வழங்கும் அருவி, பாறை மீது வெண்மையாக விழுகிறது. கான் என்னும் சொல் காட்டைக் குறிப்பது என்பதைத் தமிழிலக்கியம் பயின்றோர் அறிவர். ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் அச்சொல்லே நினைவில் எழுகிறது. ஆயின் கண்ணில் படுவது காடன்று. மலையின் மேனியெங்கும் ஒரே உயரத்தில் வெட்டிய தேயிலைப் புதர்கள், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கின்றன. இக்காட்சியைக் காணவே பலர் வருகின்றனர். இது இயற்கை தந்த காட்சியன்று. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுக்கால மனித உழைப்பு உண்டாக்கிய காட்சி.

அதன் தொடக்கம் ஓர் ஆவணம். ஏலமலைகளின் கண்காணிப்பாளராகத் திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், 1877-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைப் பயிர்செய்யும் உரிமையை எழுதி வாங்கினார். கண்ணன் தேவன் என்பது முதுவர் தலைவர் ஒருவரின் பெயர் என்பர். மலைக்குப் பெயர் தந்தவன் குடியினர் அவ்வாவணத்தில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். 1879-இல் தோட்டக்காரர் சங்கம் ஒன்று உருவாயிற்று. காப்பியும் சிங்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தனர். 1880-இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் தேயிலை நட்டார். 1897-இல் கண்ணன்தேவன் மலை விளைபொருள் கம்பெனி நிறுவப்பட்டது. அதன்பின் மூணாற்றைச் சூழ்ந்த மலைகளெங்கும் தேயிலை பரவிற்று.

தேயிலைக்கு வேண்டியது நிலம் மட்டுமன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளும் கைகள் வேண்டும். அக்கைகள் கிழக்கிலிருந்து வந்தன. கங்காணிகள் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் சிற்றூர்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினர். வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலமற்ற, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள். ஊரில் அவர்களுக்கு நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை. தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக, நாம் இன்று பேருந்தில் அமர்ந்து ஏறும் இம்மலையில் கால்நடையாக ஏறினர். முன்பணம் கடனாயிற்று; கடன் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. வரிசையாகக் கட்டிய லயங்களில் ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை என்று வாழ்ந்தனர்.

அவர்கள் கிள்ளிய தேயிலையும் கிழக்கு நோக்கியே சென்றது. மூணாற்றிலிருந்து மேல்நிலையம் என்னும் டாப்ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908-இல் அது சிறிய இரயில் பாதையாக மாற்றப்பட்டது. அங்கிருந்து கம்பிவடம் வழியே கொட்டகுடிக்குச் சரக்கு இறங்கும், பின் போடி, பின் தூத்துக்குடித் துறைமுகம், அதன்பின் இங்கிலாந்து. 1924-ஆம் ஆண்டு பெருவெள்ளம் அவ்விரயில் பாதையை அடியோடு அழித்தது. மலையாளிகள் அதனைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். இரயில் மீண்டும் போடப்படவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னர், இம்மலைகள் எந்த மாநிலத்திற்கு உரியன என்ற வினா எழுந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் மிகுதி. ஆதலின் அவற்றைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிற்று. 1954-ஆம் ஆண்டு ஜூலையில் தலைவர் நேசமணி தேவிகுளத்தில் கைது செய்யப்பட்டார். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தோட்டத் தொழிலாளர் இங்கே நிலைத்து வாழாமல் வந்து செல்பவர்கள் என்பதும் அன்று எடுத்துரைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. தலைமுறைக் கணக்கில் ஒரு மண்ணில் உழைத்தவர்களை வந்து செல்பவர் என்று கூற முடிந்ததற்குக் காரணம் யாது? அவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாமையே.

நிலைமை பின்னரும் எளிதில் மாறவில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் தோட்ட உடைமையாளரின் கடமை என்று விதித்தது. அது பெரிய நன்மையே. ஆயினும் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1970-ஆம் ஆண்டு முதல் நாளில் கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, குத்தகை உழவர்கள் நிலத்திற்கு உரியவராயினர். குடிசைவாசிகள் தம் குடியிருப்பிற்கு உரிமை பெற்றனர். தோட்டங்களுக்கோ நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. லயத்தில் வாழ்ந்தோருக்கு லயம் சொந்தமாகவில்லை. ஆதலின் அறுபது வயதை நெருங்கும் தொழிலாளி, மகனோ மகளோ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அந்த அறையில் இருக்கலாம். இல்லையேல் பாட்டன் விட்டு வந்த ஊரைத் தேடி மலையிறங்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் எழுந்ததை இப்பின்னணியில் காண வேண்டும். அப்போது நாட்கூலி 232 ரூபாய். குறைக்கப்பட்ட போனசை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டுப் பல்லாயிரம் பெண்கள் சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயர் நாடெங்கும் ஒலித்தது. ஒன்பது நாட்களில் போனசுக் கோரிக்கை வென்றது. வீட்டின் உறுதியோ அவ்வளவு எளிதில் வருவதாக இல்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று; எழுபது பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர்.

சின்னக்கானலிலிருந்து சூரியநெல்லி வரை சென்றால், அங்கிருந்து ஜீப்பு வண்டிகள் கொழுக்குமலைக்கு ஏறுகின்றன. கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டி செல்லும் வழி கேரளத்தில் இருக்கிறது. அம்முகட்டில் நின்று கிழக்கே நோக்கினால் சமவெளி கடல்போல் விரிகிறது. மேற்கே நோக்கினால் மலைமேல் மலை அடுக்கி நிற்கிறது. ஒரே நாளில் திரும்ப எண்ணுவோர் கொழுக்குமலையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வதே நன்று. மாலை மூன்று மணிக்குள் நெடுஞ்சாலைக்கு வந்து, போடி செல்லும் பேருந்தைப் பிடித்தல் வேண்டும்.

அந்நேரத்தில் புறப்படுவதில் ஒரு பயன் உண்டு. பூப்பாறையைக் கடக்கும்போது, பெண்கள் நெருக்கமாக அமர்ந்த ஜீப்புகள் மெட்டை நோக்கி விரைவதைக் காணலாம். இவர்கள் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஏறி, ஏலத்தோட்டங்களில் களையெடுத்தும் காய் பறித்தும் பொழுது சாய இறங்குபவர்கள். மடியில் காலைச் சோற்றுத் தூக்கு வெறுமையாக இருக்கும். நாம் ஓய்வுக்காக ஒரு நாள் செல்லும் வழியை இவர்கள் பிழைப்புக்காக நாள்தோறும் கடக்கின்றனர். 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைப்பெரியாற்றுப் பூசலின்போதும், 2020-இல் பெருந்தொற்றின்போதும் எல்லை அடைபட்டது. இரு மாநிலத்துச் செய்தித்தாள்களும் அணையைப் பற்றியும் நோயைப் பற்றியும் எழுதின. மெட்டு மூடினால் அடுப்பு எரியாத வீடுகள் இருபுறமும் இருந்தன. மலையாள முதலாளியின் காய் செடியிலேயே முற்றி வெடித்தது; தமிழ்ப் பெண்ணின் கூலி நின்றது.

முதுவர் ஏறினர், அரசர் ஏறினர், ஏலக் குடியானவர் ஏறினர், தேயிலைத் தொழிலாளர் ஏறினர். மேற்கிலிருந்து மலையாள உழவர்களும் பசிக்கு மாற்றாக நிலம் தேடி ஏறிவந்து காட்டைத் திருத்தினர். சின்னக்கானலைச் சூழ்ந்த இம்மலைநாட்டில் வாழும் குடிகளில், ஏறி வந்த கதை இல்லாத குடி அரிது. வேறுபாடு வந்ததில் இல்லை. வந்தபின் எவருக்குப் பட்டா கிடைத்தது, எவருக்கு லயத்து அறை கிடைத்தது, எவருக்கு யானைத்தடம் கிடைத்தது என்பதில்தான் இருக்கிறது. இதனை அறிந்து செல்லும் பயணிக்குத் தேயிலைச் சரிவின் அழகு ஒரு சிறிதும் குறையாது. அச்சரிவில் கூடையுடன் நிற்பவரை நிழற்படத்திற்குரிய பொருளாகக் கருதாமல், பெயர் கேட்டு, ஊர் கேட்டு, இரண்டு சொல் பேசிவிட்டு வரும் பண்பு கூடும். அவ்விரண்டு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை. போடியில் பேசும் தமிழே போதும்.